விளக்கை விளக்க உப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவராத்திரி நெருங்கினால் பத்திரிகைகளின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் ஒரு குறிப்புத் தவறாமல் வந்துவிடும்: பாதித் தேசிக்காயில் உப்பைத் தொட்டுப் பித்தளை விளக்கைத் தேய்த்தால் பொன்போல மின்னும் என்று. மின்னத்தான் செய்யும். மலைநாட்டில் இருப்பவர் அதைச் செய்துவிட்டுத் தப்பிக்கொள்ளவும் கூடும். திருகோணமலையில் செய்தால், நவராத்திரிக்கு மினுக்கிய விளக்கு கார்த்திகை விளக்கீடு வருமுன் பச்சை பிடித்து நிற்கும். பிறகு "இப்ப வாற பித்தளை சரியில்லை" என்று விற்றவருக்குத்தான் திட்டு விழும். பித்தளை வேலையே தொழிலாக இருக்கிறவர்கள் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

குற்றம் தேசிக்காயினுடையதன்று, உப்பினுடையது. பித்தளை செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்த உலோகம். அதன் மேல் படிகிற கருமையையும் பழுப்பையும் எந்தப் புளிப்பும் மெல்லக் கரைக்கும். உப்பைச் சேர்த்தால் வேலை பல மடங்கு வேகமாகும், ஏனென்றால் உப்பிலுள்ள குளோரைட்டு செம்பைப் பற்றி இழுத்துக் கரைசலுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. அந்த வேகத்தைக் கண்டுதான் எல்லாரும் மயங்குகிறார்கள். தேய்த்துக் கழுவிய பின்னும் பூவேலைக் குழிகளிலும் புரிகளிலும் வார்ப்பின் ஊசித்துளைகளிலும் குளோரைட்டுத் தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறியதும் அது வெளிர்பச்சைத் தூளாகப் பூக்கும். பூக்கும்போதே கொஞ்சம் ஐதரோகுளோரிக்கமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் அடியிலுள்ள நல்ல செம்பைத் தின்னும், அதிலிருந்து மறுபடி குளோரைட்டு, மறுபடி பச்சைத் தூள். பழைய சிலைகளைப் பாதுகாப்பவர்கள் இதை 'வெண்கல நோய்' என்பார்கள். காற்றிலுள்ள ஈரத்தின் அளவு (சாரீரப்பதன்) நூற்றுக்கு 40க்குக் கீழே கிடந்தால் இந்த நோய் அடங்கிக் கிடக்கும். மூன்று பக்கம் கடல் உள்ள ஊரில் அதை எதிர்பார்க்க முடியாது.

அதிலும் காலம் ஒன்று இருக்கிறது. ஆனி, ஆடியில் இங்கே வீசுவது கச்சான். தரைமேல் வருகிற காய்ந்த காற்று. அப்போது மினுக்கிய விளக்கு நின்று பிடிக்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பிவிட்டால் காற்று நேரே கடலிலிருந்து வரும், மாரியும் கூடவே வரும். மனையாவெளி, திருக்கடலூர், டச்பே பக்கம் கடலைப் பார்த்த சாமியறையில் இருக்கிற விளக்கின் கடற்பக்கம் முதலில் மங்கும், சுவர்ப்பக்கம் பிறகு மங்கும். ஒரு கிழமை கழித்து விளக்கைத் திருப்பிப் பாருங்கள், தெரியும். காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசுகிற இடத்தில் நாமும் கையால் உப்பைத் தேய்ப்பானேன்?

பித்தளையைத் துலக்குவதில் மிகக் கணக்காக இருக்கிறவர்கள் வேறொரு கூட்டத்தார். அமெரிக்கா போன்ற நாடுகளில் இலக்குச் சுடுதலை விளையாட்டாகக் கொண்டவர்கள், சுட்டு முடிந்த துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோதை எடுத்துத் துலக்கி மறுபடி நிரப்புவார்கள். அந்தக் கோது நூற்றுக்கு 70 செம்பும் 30 நாகமும் கலந்த மெல்லிய பித்தளை. நவீன றைபிள்கள் பலவற்றில் அது சதுர அங்குலத்துக்கு 50,000 இறாத்தலுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்க வேண்டும். துலக்கும்போது உலோகம் பலமிழந்தால் அது சுடுபவரின் முகத்தருகே கிழியும். ஆகவே "கொஞ்சம் புளி, கொஞ்சம் நேரம்" என்ற கதை அவர்களிடம் எடுபடாது. எவ்வளவு, எத்தனை நிமிடம், என்ன சூடு என்று எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகள் நமது குத்துவிளக்குக்கும் பொருந்தும்.

அவர்கள் செய்வது இது. முதலில் கோதின் அடியிலுள்ள, வெடிமருந்தைப் பற்றவைத்து முடிந்த எரியூட்டிக் குமிழைத் தட்டி எடுப்பார்கள். எடுக்காமல் கழுவினால் அந்தக் குழிக்குள் தண்ணீர் நின்று அழுகும். அடுத்துச் சவர்க்காரத் திரவம் கலந்த சுடுநீரில் புகைக்கரியையும் எண்ணெயையும் கழுவுவார்கள். அதன் பிறகுதான் அமிலம்: சுமார் நாலு லீற்றர் சுடுநீருக்கு ஒரு மேசைக்கரண்டி சித்திரிக்கமிலம், பத்து நிமிடம், இடையிடையே குலுக்கல். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, உடனே உலர்த்தல். இயந்திரத்தில் போடுகிறவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். சுழலும் உருளைக்குள் 2 இறாத்தல் கோது, 5 இறாத்தல் துருப்பிடியா உருக்கு ஊசி, சுமார் நாலு லீற்றர் தண்ணீர், சிறிது சவர்க்காரத் திரவம், கால் தேக்கரண்டி சித்திரிக்கமிலம் சேர்த்து மூன்று நாலு மணி நேரம் சுழல விடுவார்கள். ஊசி என்பது ஒரு மில்லிமீற்றர் சொச்சம் தடிப்பும் ஆறேழு மில்லிமீற்றர் நீளமும் உள்ள கம்பித்துண்டு. கோதின் உட்புறத்துக்கும் அது போய்வரும். சோளப்பொத்தித் தூளிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ உலர்வாக உருட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தூசியில் எரியூட்டியின் ஈயம் கலந்திருக்கும், மூச்சோடு உள்ளே போகும். அதனால்தான் பலர் ஈர முறைக்கு மாறினார்கள்.

உலர்த்துவதிலும் அவர்களுக்கு ஒரு எல்லை இருக்கிறது. கொதிநீரின் சூட்டளவில் நிறுத்திக்கொள்வார்கள். 250 பாகை செல்சியசை அண்டினால் அடித்து இறுக்கிய பித்தளை இளகத் தொடங்கும். அடிப்பாகம் இளகிய கோது குப்பைக்குத்தான். நம்மவர் சிலர் எண்ணெய்க்கரி போகட்டும் என்று விளக்கையே அடுப்பு நெருப்பில் வைக்கிறார்கள். வார்ப்பு விளக்கு அதனால் வெடித்துவிடாது. ஆனால் எண்ணெய் விடும் தகழியையும் தண்டையும் இணைக்கும் ஈயப்பற்று 190 பாகைக்குள்ளேயே உருகி ஒழுகிவிடும். பிறகு விளக்கு ஆடுகிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னது அங்குள்ளவர்களின் விளையாட்டு. நமது நாட்டில் அனுமதி இல்லாமல் ரவையோ வெடிமருந்தோ வைத்திருப்பதே குற்றம். திருகோணமலை 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட துறைமுகம். அதன் பின்னரும் முப்பது வருடப் போரைக் கண்ட மண். அத்திவாரம் வெட்டும்போதும் கிணறு இறைக்கும்போதும் பச்சை பிடித்த பித்தளைக் குழாய் மாதிரி ஏதாவது வந்தால், அது வெற்றுக் கோதா உயிருள்ளதா என்று கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. களிம்பு மூடிய எரியூட்டி, வெடித்ததும் வெடிக்காததும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதைப் புளியில் ஊறப்போடவும் கூடாது, சுரண்டவும் கூடாது, பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் வைக்கவும் கூடாது. இடத்தை அடையாளப்படுத்திவிட்டு பொலிசின் 119க்குச் சொல்லுங்கள். பித்தளை கிலோ என்ன விலை போனாலும் சரி.

இனி விளக்கு. வெயில் உள்ள நாளாகப் பார்த்துக் காலையில் தொடங்குங்கள்.

காந்தம் ஒன்றை விளக்கின் எல்லாப் பாகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்புக்குப் பித்தளை முலாம் பூசியது. அமிலத்தில் போட்டால் முலாம் போய்விடும், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். சில விளக்குகளில் தண்டின் உள்ளே மட்டும் இரும்புக் கம்பி ஓடும். அதையும் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். அமிலத்தில் கரைந்த செம்பு இரும்பில் வந்து படியும், பக்கத்துப் பித்தளையிலும் கறை இறக்கும். இரும்பு வாளியும் கம்பித் தும்பும் ஆகாது என்பதற்கும் இதே காரணம்தான். பிளாஸ்ரிக் வாளி நல்லது.

கடையில் வாங்கிய புதிய விளக்கானால் மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அங்கங்கே உரிந்து, உரிந்த இடம் மட்டும் கறுத்து, புலிமுகம்போலத் தெரியும். பூச்சு உள்ள இடத்தில் அமிலம் வேலை செய்யாது. நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் நனைத்து முழுவதையும் துடைத்தெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள், எரிகிற விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது.

குத்துவிளக்கைப் பாதம், தண்டு, தகழி, உச்சி என்று கழற்றுங்கள். புரி இறுகியிருந்தால் குறடு போடாதீர்கள், குறட்டின் பல் பதிந்த அடையாளம் விளக்கின் ஆயுள்வரை இருக்கும். பல வருட எண்ணெய் புரிக்குள் பிசினாகியிருப்பதுதான் இறுக்கம். சுடுநீரில் கால்மணி நேரம் கிடந்தால் கைக்கு இளகும்.

விளக்கில் இருக்கும் கறுப்பில் பாதி களிம்பே அல்ல. அது எண்ணெய் காய்ந்து கரியோடு இறுகிய பிசின். எத்தனை தேசிக்காய் பிழிந்தாலும் அசையாது, ஏனென்றால் எண்ணெயை அறுப்பது காரம், அமிலம் அல்ல. ஒரு லீற்றர் சுடுநீருக்குச் சலவைச் சோடா இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, கை பொறுக்காத சூட்டில் அரை மணி நேரம் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்தூரிகையாலும் தேங்காய்த் தும்பாலும் தேயுங்கள். பூவேலைக் குழிக்குள் ஈர்க்கு நுனியில் துணி சுற்றி விடலாம். எரிசோடா வேண்டாம், அது நாகத்தைத் தின்னும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாகத் திரளாமல் பரவலாக ஓட வேண்டும். திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

பழைய ஆட்கள் சாம்பலால் விளக்கிவிட்டுப் பிறகு பழப்புளி போட்டார்கள் அல்லவா, அதன் சூட்சுமம் இதுதான். விறகுச் சாம்பல் காரம், எண்ணெயை அறுக்கும். பழப்புளியில் இருப்பது தாத்தாரிக்கமிலம், களிம்பைக் கரைக்கும். முதலில் ஒன்று, கழுவிவிட்டு மற்றது. இப்போது பலர் நேரம் மிச்சம் என்று சாம்பலையும் புளியையும் ஒன்றாகப் பிசைந்து தேய்க்கிறார்கள். இணையத்திலோ தேசிக்காய்ச் சாற்றில் அப்பச்சோடாவைக் கொட்டி நுரையைக் காட்டுகிறார்கள். காரமும் அமிலமும் ஒன்றையொன்று கொன்றுவிடுகின்றன. நுரை பார்க்க நன்றாக இருக்கும், மிச்சமிருப்பது உப்புத்தண்ணீரின் தம்பி மாதிரி ஒன்று. விளக்கு கொஞ்சம் சுத்தமாவது தேய்த்த கையின் பலத்தால்தான்.

அடுத்து அமிலம். ஒரு லீற்றர் வெந்நீருக்கு, கை பொறுக்கிற சூட்டைவிடச் சற்று மேலே, ஒரு தேக்கரண்டி சித்திரிக்கமிலம். ஐந்து கிராம் வரும். பலகாரச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் தேசிக்காய்தான். ஆனால் கணக்கோடு. தேசிக்காய்ச் சாற்றில் நூறு மில்லிலீற்றருக்கு நாலைந்து கிராம் சித்திரிக்கமிலம் இருக்கும். ஒரு காயில் இருபது மில்லிலீற்றர் சாறு வந்தால் ஒரு கிராம். ஆகவே லீற்றருக்கு ஐந்து காய். வெட்டிய காயை நேரே விளக்கில் தேய்க்கும்போது இதைவிடப் பத்து மடங்கு பலமான அமிலத்தை அந்த ஓரிடத்தில் பூசுகிறோம், பக்கத்து இடத்துக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் திட்டுத்திட்டாக வருகிறது. ஆசிரியர் அவர்களே, வருகிற நவராத்திரிக்கும் அந்தக் குறிப்பைப் போடுவதானால் உப்பை எடுத்துவிட்டு, "லீற்றருக்கு ஐந்து தேசிக்காய், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்" என்று திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பாகங்கள் முழுவதும் மூழ்க வேண்டும். பாதி மூழ்கினால் தண்ணீர்க் கோடு கீறியதுபோல விழும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பாருங்கள். கருமை முதலில் பழுப்பாகும், பிறகு மங்கல் மஞ்சளாகும். அந்த மங்கல் மஞ்சளில் எடுத்துவிட வேண்டும். பளபளப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் அமிலம் பளபளப்பைத் தராது, கறையைத்தான் எடுக்கும். பளபளப்பு தேய்ப்பில் வருவது. பத்து நிமிடத்தில் போகாத இடம் இருந்தால் தும்பால் தேய்த்துவிட்டுப் புதிய கரைசலில் இன்னொரு ஐந்து நிமிடம். கரைசல் நீலப்பச்சையானால் மாற்றுங்கள். இரவு ஊறப்போட்டுக் காலையில் எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கூடப் போனால் என்ன ஆகும்? விளக்கு ரோசா நிறமாகும். இதைப் பார்த்து "உள்ளே இருந்த நல்ல செம்பு வெளியே வந்திருக்கு" என்று மகிழ்கிறவர்களும் இருக்கிறார்கள். ரோசா நிறத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேலோட்டமானது. கறையிலுள்ள சிவந்த செம்பொட்சைட்டு அமிலத்தில் கரையும்போது அதன் பாதிச் செம்பு கரைசலுக்குப் போகும், மறு பாதி உலோகச் செம்பாக மேற்பரப்பிலேயே படியும். இது பயப்பட வேண்டியதல்ல, திருநீறு தொட்ட துணியால் தேய்த்தால் போய் மஞ்சள் வந்துவிடும். மற்றது ஆழமானது. பலமான அமிலத்தில் நாகம் முதலில் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் பஞ்சுபோல மிஞ்சுவது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பாகவே இருக்கும், நகத்தால் கீறினால் பொருபொருக்கும். கழிப்பறை கழுவும் திரவத்தையும் பற்றரி அமிலத்தையும் தூரிகையால் பூசுகிறவர்களின் விளக்கில் இதைத்தான் பார்க்கிறோம். அதற்கு மருந்து இல்லை. கடைசலில் பிடித்து ஒரு படை சீவ வேண்டும், சீவினால் பூவேலையும் சேர்ந்து போகும்.

அலசுவதற்கு எந்தத் தண்ணீர் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் அலசினால் முன்வாசலால் துரத்திய உப்பைப் பின்வாசலால் அழைத்தது போலாகும். முதல் இரண்டு அலசலைக் குழாய்நீரில் செய்யுங்கள். கடைசி அலசல் மழைநீரில், அல்லது எரிபொருள் நிலையங்களில் பற்றரிக்கென விற்கும் காய்ச்சி வடித்த நீரில். போத்தலின் எழுத்தை வாசித்து வாங்குங்கள், பக்கத்திலேயே பற்றரி அமிலமும் இருக்கும். கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தால் உப்புப் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கொதித்தால் தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும், அதுவும் முன்பைவிடச் செறிவாக.

அலசியதும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றித் துடைத்து, அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். துளி நிற்கிற இடத்தில் வட்டக்கறை விழும் என்பதால் முதலில் துடைப்பு, பிறகு வெயில். கடற்பக்க முற்றத்தில் வைக்க வேண்டாம். காய்ந்ததும் திருநீற்றை மெல்லிய துணியில் சலித்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஒரே திசையில் தேயுங்கள். நல்ல திருநீறு அவ்வளவு நைசான மினுக்குத் தூள். செங்கல் தூளும் ஆற்று மணலும் விளக்குக்கு ஆகாது. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக விளக்கின் உச்சியிலுள்ள அன்னத்தின் சிறகை மழுங்கடித்துவிடும், கீறல்களில் உப்பும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். பச்சைநிற நைலோன் தேய்ப்பானும் அந்த இனந்தான்.

கடைசியில் மெழுகு. விளக்கு வெயில் சூட்டோடு இருக்கும்போதே தேன்மெழுகையோ வெள்ளை மெழுகுதிரியையோ வெளிப்புறத்தில் மெல்லத் தடவி, துணியால் அழுத்தித் தேய்த்து எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத படை போதும். தகழியின் உட்புறத்துக்கும் திரி எரியும் மூக்குக்கும் வேண்டாம். புரிகளில் சிறிது வசலின் தடவிப் பூட்டினால் அடுத்த தரம் குறடு தேட வேண்டியிராது. வாடைக் காலத்தில் இதைச் செய்த விளக்கும் செய்யாத விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

தகழிக்குள் பிடிக்கும் பச்சை மட்டும் கடல் செய்த வேலையல்ல. எண்ணெய் பழசானால் அதில் கொழுப்பமிலம் கூடும். அது செம்போடு சேர்ந்து ஒட்டும் பச்சைச் சவர்க்காரமாகிறது. விரலில் எடுத்தால் வழுவழுவென்று இருக்கும், கடற்பச்சை தூளாக இருக்கும். இதற்குச் சோடாநீர் போதும், அமிலமே தேவையில்லை. வராமல் தடுக்க, விளக்குக் குளிர்ந்ததும் மிச்ச எண்ணெயை வடித்துத் துடைத்துவிட வேண்டும். சித்தாந்தம் படித்தவர்கள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள், கூடவே பிறந்தது என்று. அவர்களோடு வாதாட எங்களுக்கு ஆற்றல் இல்லை. பட்டறையில் நாங்கள் காண்கிற களிம்பு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது, அதிலும் பாதியை நாமே ஊற்றி வைக்கிறோம்.

ரவைக் கோதுக்காரர்கள் இன்னொன்றையும் கண்டிப்பாக ஒதுக்குவார்கள், அமோனியா. கடையில் வாங்கும் பித்தளைத் திரவங்கள் பலவற்றில் அது இருக்கிறது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாடை அதுதான். இதன் கதை பழையது. இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் கோதுகள் கழுத்தில் கீறல்விட்டுப் பிளந்திருந்தன. காரணத்தை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, ஈரம், குளிர்நிலையில் இழுத்து உருவாக்கிய உலோகத்துக்குள் அடங்கிக் கிடந்த இழுவிசை, மூன்றும் சேர்ந்தால் பித்தளை தானாகவே பிளக்கும். வார்ப்பு விளக்குக்குள் அந்த இழுவிசை அதிகம் இல்லை, ஆகவே அமோனியாத் திரவத்தால் ஒருதரம் துடைத்ததற்காகக் கவலைப்பட வேண்டாம், நன்றாகக் கழுவிவிட்டால் சரி. குடம், செம்பு, தாம்பாளம் அப்படியல்ல. அவை தகட்டை அடித்தோ அழுத்தியோ செய்தவை. கழுத்திலும் விளிம்பிலும் இழுவிசை நிறைந்திருக்கும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் உள்ள வீடுகளில் பித்தளைக் குடங்களையும் யூரியா உரப்பைகளையும் ஒரே அறையில் அடுக்கி வைப்பதுண்டு. ஈரம் பட்ட யூரியா அமோனியாவை விடும். கைபடாமல் வைத்த குடத்தின் கழுத்தில் மயிர்போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தால் பிள்ளைகளை ஏசாதீர்கள், உரப்பையை வேறிடத்துக்கு மாற்றுங்கள். மாட்டுக்கொட்டிலையொட்டிய அறைக்கும், வௌவால் அடைகிற கோயில் மண்டபத்துக்கும் இதே விதி.

கோயில் பொருட்களில் மூன்றை இந்த முறையிலிருந்து விலக்கிவிட வேண்டும். மரக்கதவிலும் வாகனத்திலும் அறைந்த பித்தளைத் தகடு: அமிலம் தகட்டின் பின்னால் இறங்கி இரும்பாணியைத் தின்னும், மரத்தையும் ஊறவைக்கும். அதற்கு ஈரத்துணியும் திருநீறும் போதும். மணி: அது பித்தளையல்ல, செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். வெளியே துடைக்கலாம், ஊறப்போட வேண்டாம். மூன்றாவது, பழைய செப்புத் திருமேனிகள். 1950இல் கோணேசர் கோயிலை அண்டிக் கிணறு வெட்டும்போது மண்ணிலிருந்து திருமேனிகள் கிடைத்த ஊர் இது. அத்தகைய விக்கிரகத்தின் மேலுள்ள கரும்பச்சைப் படை அதன் கவசம். அதைச் சுரண்டி மினுக்குகிறவர் சிலையின் வயதையும் சேர்த்துச் சுரண்டுகிறார். வெளிர்பச்சைத் தூள் கொட்டினால் மட்டும் ஆபத்து. அதற்குத் தொல்லியல் திணைக்களத்தை அழைக்க வேண்டும், தேசிக்காயை அல்ல.

விளக்கு வார்ப்பில் கொஞ்சம் ஈயமும் சேர்ந்திருக்கும், உலோகம் சீராக ஓடவும் கடைசலில் நன்றாகச் சீவப்படவும். ஆகவே கையுறை போடுங்கள், விளக்குத் துலக்கிய தும்பைச் சோற்றுப் பானைக்குக் கொண்டுபோக வேண்டாம். வேலை முடிந்த கரைசலில் செம்பும் நாகமும் கரைந்திருக்கும். கிணற்றடியில் ஊற்றாதீர்கள், கோயில் கேணியில் மீன் உண்டு, அங்கேயும் ஊற்றாதீர்கள். துளசி மாடத்துக்கும் ஆகாது. ஐந்து கிராம் சித்திரிக்கமிலத்துக்கு ஏழு கிராம் அப்பச்சோடா கணக்கு, ஒன்றரைத் தேக்கரண்டி. நுரை அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு இரவு அடையவிட்டு, மேல்நீரை நிறையத் தண்ணீரோடு கழிவுக் கானில் விடுங்கள். அடியில் பச்சை வண்டல் படிந்திருந்தால் அதைக் கடதாசியில் வழித்துக் கட்டிக் குப்பைக்குப் போடலாம். அப்பச்சோடாவுக்கு இந்த வேலையில் இடம் இங்கேதான், விளக்கின் மேல் அல்ல.

இப்படிக்கு,
பித்தளை வேலை செய்யும் வாசகர்கள் சிலர்,
திருகோணமலை.